அட்வான்ஸ் மொட்டை

நீட் தேர்வுக்குப் படிப்பது எப்படி என்று யூடியூபில் பாடம் எடுக்கும் அண்ணன்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருங்கள், அப்போதுதான் மூளை புத்துணர்ச்சியோடு இருக்கும் என்கிறார்கள். அட, போங்கண்ணா! காலை ஷிப்ட் வருகிற வாரங்களில் நாலு மணிக்கு நான் மலைமேல் யாரோ ஒருத்தியின் பிடரியை வழித்துக்கொண்டிருப்பேன். என் மூளை புத்துணர்ச்சியோடு இருக்கிறதா என்பதை அந்தம்மாவின் கழுத்தைத்தான் கேட்க வேண்டும்.

என் பெயர் கன்னிகா. திருமலையில் கல்யாணகட்டாவில் வேலை. பெயரைப் பார்த்துக் கல்யாண மண்டபம் என்று நினைத்துவிடாதீர்கள். சாமிக்கு முடி கொடுக்கிற மண்டபம் அது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மொட்டை போடுகிறவர்களில் நான் ஒருத்தி, என் பக்கத்து இடத்தில் உட்காருகிற என் அம்மா ரத்னம்மா இன்னொருத்தி. ஒரு கையில் டோக்கன், ஒரு கையில் பாதி பிளேடு என்று வந்து உட்காருவார்கள். பிளேடைக் கத்தியில் மாட்டி, தலையை நனைத்து, வழித்து அனுப்ப வேண்டும். எழுந்தவள் கோவிந்தா என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவள் உட்கார்ந்திருப்பாள்.

இன்டரில், அதாவது பிளஸ் டூவில், நான் பைபிசி என்கிற பயாலஜி குரூப் படித்தவள். அப்போதே ஒரு தடவை நீட் எழுதினேன். பிசிக்ஸ் என்னைத் தூக்கி நடுத்தெருவில் போட்டது. அதற்குப் பிறகு கல்யாணம், கத்தி, ஷிப்ட் என்று காலம் ஓடிவிட்டது. டாக்டர் ஆசையெல்லாம் செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதனப்பள்ளியிலிருந்து வந்த ஒரு அம்மா அதைக் கிளப்பிவிட்டுவிட்டாள். உச்சந்தலையில், முடிக்கு அடியில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் நகரவில்லை. கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எப்போலேந்து கீதும்மா?" என்றேன். அவள் நிமிர்ந்து, "இன்னா கட்டிம்மா அது? ஒண்ணும் இல்ல தானே?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? டாக்டரிடம் காட்டச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தரிசன வரிசைக்குப் போய்விட்டாள். காட்டினாளோ இல்லையோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம். எனக்கு வந்தது துக்கம் இல்லை. கோபம். தோலுக்கு மேலே இருப்பதையெல்லாம் மளமளவென்று வழித்துப் போடுகிறேன். அதற்கு ஒரு நூல் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு மண்ணும் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, மறுபடி நீட் எழுதப் போகிறேன் என்று சொன்னேன்.

"இன்னாடி, நல்லாத்தானே இருந்த? இன்னா ஆச்சு உனுக்கு?" என்றாள் அம்மா.

வெதுருகுப்பத்திலிருந்து வந்திருந்த பாலையா மாமா சிரித்துக்கொண்டே, "தமிழ்நாட்டுப் பக்கம் நம்ம சாதிக்குப் பேரே மருத்துவர்தான். இதுக்கு மேல எதுக்கு ஒனக்குப் பரீட்ச?" என்றார். சொன்னதோடு நிற்காமல் வேட்டியைத் தூக்கி முழங்கால் வீக்கத்தைக் காட்டி, இதற்கு என்ன தடவலாம் என்று வைத்தியம் வேறு கேட்டார்.

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் மட்டும் லேப்டாப்பைத் திறந்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவர் ஸ்ரீசிட்டியில் ஏசி செய்கிற ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங்கில் இருக்கிறார். எத்தனை ஏசி, எந்த வாரம், எந்த லைன் என்று திட்டம் போடுவதுதான் வேலை. மனிதருக்கு வாழ்க்கையே ஒரு எக்செல் ஷீட். எங்கள் தேன்நிலவுக்குக்கூட ஒரு ஷீட் இருந்தது, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். ஒரே தடவை, ஒரே முயற்சி, வராவிட்டால் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டுக் கடைசிவரை கத்தியோடு இருந்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். அவர் நிமிராமலே, "ஒரே பேட்ச். ரிஜக்‌ஷன் வரக்கூடாது" என்று டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

ஷீட் வந்தது. பீரோ கதவு முழுக்க ஒட்டினார். பாட்டனிக்குப் பச்சை, ஜுவாலஜிக்கு ரோஸ், கெமிஸ்ட்ரிக்கு மஞ்சள், பிசிக்ஸுக்குச் சிவப்பு. மூன்று ஷிப்டுக்கும் மூன்று மாதிரித் திட்டம். நான் மலைக்குப் போகிற பஸ் நேரத்தைக்கூட அவர் விடவில்லை, அதற்கு மஞ்சள் பூசியிருந்தார். அதாவது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி.

திருப்பதியிலிருந்து மேலே போகிற பஸ்ஸில் பென்சீன் வளையத்தைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் போனேன். பஸ் ஒரு பக்கம் வளைந்தது, பென்சீன் ஒரு பக்கம் வளைந்தது, காலையில் துன்ன இட்லி மூன்றாவது பக்கமாக வளைந்து மேலே வந்தது. முன் சீட்டில் இருந்த பக்தரின் மஞ்சள் வேட்டியைப் பற்றி நான் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் சொன்னபோது லோகேஸ்வரன் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, ஷீட்டின் மேலே 'ரிவிஷன் 2' என்று எழுதினார்.

ரிவிஷன் ஆறுவரை போனது. எல்லாவற்றிலும் சிவப்புக் கட்டம் காலியாகவே இருந்தது. தாவரமும் தவளையும் எப்படியோ மண்டையில் ஏறிவிடும், பிசிக்ஸ் மட்டும் ஏறாது. கோச்சிங் போக நேரம் இல்லை. ஃபோனில் வீடியோ பார்த்தால், அதில் பேசுகிறவனை நிறுத்தி, "இரு அண்ணா, அது எப்படி வந்துச்சு?" என்று கேட்க முடியாது. கேட்டால் மட்டும் அவன் சொல்லிவிடப் போகிறானா?

பதில் தானாகவே வந்து என் முன்னால் உட்கார்ந்தது. நெல்லூரிலிருந்து வந்த ஒரு மேடம், ஐம்பது வயசிருக்கும். பாதித் தலை வழித்திருந்தபோது பேச்சுவாக்கில் என்ன வேலை என்று கேட்டேன். காலேஜில் பிசிக்ஸ் லெக்சரர் என்றார். என் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

"மேடம், ஒரு டவுட்டு."

"இப்பவா?"

"உருள்ற சக்கரத்துக்கு உராய்வு எந்தப் பக்கம் மேடம்?"

யோசித்துப் பாருங்கள். தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கழுத்தை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி, பாதி மொட்டையோடு எழுந்து எங்கே ஓடுவாள்? மேடம் சொன்னார். முதலில் எரிச்சலோடு, அப்புறம் ஆசையோடு. ஈர முடி கிடந்த தரையில் விரலால் சக்கரம் போட்டுக் காட்டினார். காலேஜில் இரண்டு வருஷம் புரியாதது ஒரு மொட்டை நேரத்தில் புரிந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு உட்கார்ந்த ஒருத்தியையும் நான் விடவில்லை. இந்த மலைக்கு வராத ஊர் உண்டா, வராத உத்தியோகம் உண்டா? கர்னூல் பாட்டனி டீச்சர், குண்டூர் டாக்டர், வேலூர் கெமிஸ்ட்ரி மிஸ். பெங்களூரு சாஃப்ட்வேர்கள் ஒன்றுக்கும் உதவாது, சும்மா வழித்து அனுப்பிவிடுவேன். ஒரு ஹைதராபாத் அம்மா தவளைக்கு இதயத்தில் இரண்டே அறைதான் என்று சத்தியம் செய்தாள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்தால் மூன்று. சாமி சன்னிதியில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறோமே என்று ஒரு பயம் வேண்டாமா?

அம்மாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. அவளே விசாரித்துப் பார்த்து, ஆள் சரியாக இருந்தால் கத்துவாள்.

"ஏ கன்னி! இங்க ஒரு கெமிஸ்ட்ரி வந்துகீது. உன்னுத இங்க தள்ளு, இத நீ எடுத்துக்கோ!"

அப்படியே ஆளை மாற்றிக்கொள்வோம். பத்து நாளில் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எங்கோ மூலையிலிருந்து, "ஜுவாலஜி! ஜுவாலஜி யாருக்கு வோணும்?" என்று குரல் வரும். பாவம், அந்த ஜுவாலஜி தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்து என்னிடம் நடந்து வரும்.

மேஸ்திரி நாகபூஷணத்துக்குக் காது கேட்காதா என்ன? ஒருநாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏமம்மா, இதி கல்யாணகட்டாவா, காலேஜா?" என்று கத்தினார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் காலை மிதித்தேன். அன்று சாயங்காலம் அவரே ஒரு அம்மாவைக் கையோடு கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்து, "பிசிக்ஸ்" என்று மெதுவாகச் சொன்னார். போகிறவர் திரும்பி வந்து, "மா அப்பாயிக்கி கூடா ஒக டவுட்டு உந்தி" என்று இழுத்தார், தன் பையனுக்கும் ஒரு டவுட் இருக்கிறதாம். அவர் பையனும் அந்த வருஷம் நீட் எழுதுகிறானாம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டவுட் கேட்டேன்.

இதெல்லாம் நடந்தும் ஷீட்டில் நேரம் பற்றவில்லை. ஒருநாள் லோகேஸ்வரன் சாப்பிட்டுக் கை கழுவாமலே உட்கார்ந்து யோசித்தார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"கோவிச்சுக்காத. பாட்டில்நெக் எங்க கீதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"எங்க?"

"உன் தலைல."

என் முடி இடுப்புக்குக் கீழே வரும். நாள் முழுக்க ஈரமும் டெட்டாலுமாய் வேலை பார்த்துவிட்டு வந்து, சிக்கெடுத்து, அலசி, காயவைத்து, எண்ணெய் தடவிப் பின்னி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனிதர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அது முழுக்க பிசிக்ஸ் நேரமாம். சோற்றுக் கரண்டி என் கையில்தான் இருந்தது. ஏதோ நல்ல காலம், அவர் தப்பித்தார். இரண்டு நாள் பேசவில்லை.

மொட்டை போடுகிற பெண்களுக்கு முடிமேல் இருக்கிற திமிர் உங்களுக்குத் தெரியாது. ஊரார் முடியெல்லாம் எங்கள் காலடியில் கிடக்கும், எங்கள் முடியில் மட்டும் ஒரு நுனி பிளந்திருக்காது. அம்மாவுக்கும் அப்படித்தான். பாட்டில் பாட்டிலாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வளர்த்த பின்னல், இந்த வயதிலும் கை கனத்துக்கு இருக்கும். மூன்றாம் நாள் நானே அம்மாவிடம் போய், எனக்கு மொட்டை போடு என்றேன்.

"எதுக்கு? என்னா வேண்டுதல?"

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல. டைம் இல்ல. அதான்."

"வேண்டுதல் இல்லாம எவளாவது மொட்ட அடிப்பாளா? புருசன் குத்துக்கல்லாட்டம் கீறான்! ஊரு இன்னா பேசும்? என் கைல இத்தினி வருசத்துல வேண்டுதல் இல்லாத தலைய நான் தொட்டதே இல்லடி."

"அப்ப சீட்டு கெடைக்கணும்னு வேண்டிக்கோ."

"கெடச்சப்புறம்தானே குடுக்கணும்?"

எனக்குச் சட்டென்று வாயில் வந்துவிட்டது. "அட்வான்ஸா குடுத்துட்டா?"

அம்மா யோசித்தாள். இந்த மலையில் கேட்டது கிடைத்த பிறகு முடி கொடுக்கிறவர்களைத்தான் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். முன்கூட்டியே கொடுத்து சாமியை மடக்கலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லையே என்கிற மாதிரி அவள் முகம் மெல்ல மாறியது. "அட்வான்ஸ் வாங்கிட்டா அவுரு மாட்டேன்னு சொல்ல முடியாது, இல்ல?" என்றாள். கண்ணில் ஒரு திருட்டுக் களை.

என் அம்மாவே எனக்கு மொட்டை போட்டாள். வழித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள், நடுவில் லோகேஸ்வரனையும் அவர் கம்பெனியையும் திட்டினாள். எனக்கு முதலில் குளிர்ந்தது. அப்புறம் கீழே கிடந்ததைப் பார்த்தேன். பிசிக்ஸ், நீ மட்டும் வராமல் போய்ப் பார், உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்கார அம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "உங்க வூட்டுக்காரரு நல்லாத்தானே கீறாரு?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கிறார், ஷீட் போட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகு முளைக்க முளைக்க அம்மா வழித்துவிட்டாள். சிவப்புக் கட்டங்கள் நிறைந்தன.

எனக்குப் பரீட்சை சென்டர் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விழுந்தது. மே மாசத்து ஞாயிறு, மலையில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். நாகபூஷணம் லீவு தருவாரோ மாட்டாரோ என்று பயந்தேன். பையனைக் கூட்டிப் போக அவரே லீவு போட்டிருந்தார். முந்தின நாள் அம்மா எனக்குப் புதிதாக வழித்து, சாமி கும்பிட்டு, மொட்டை முழுக்கச் சந்தனத்தை அப்பி அனுப்பினாள். அவளும் கூட வந்தாள். லோகேஸ்வரன் அன்றைய பயணத்துக்கும் ஒரு ஷீட் வைத்திருந்தார்.

பள்ளிக்கூட கேட்டில்தான் எனக்கு உறைத்தது. ஹால் டிக்கெட்டில் இருக்கிற போட்டோவில் எனக்கு முடி இருக்கிறது! தோளில் முன்னால் எடுத்துப் போட்ட பின்னல், பூ வேறு. கேட்டில் இருந்த ஆபீசர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ஜுட்டு ஏதம்மா?" முடி எங்கே என்றார்.

நான் மேலே கையைக் காட்டினேன். மலை இருக்கிற திசையா என்றுகூடத் தெரியாது, சும்மா மேலே. அவர் தலையில் இருந்த தொப்பியை லேசாகத் தூக்கினார். அவரும் மொட்டை, சந்தனம்கூடக் காயவில்லை. "கோவிந்தா" என்றார். "கோவிந்தா" என்றேன். உள்ளே விட்டார். வேறு ஊராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் குலை நடுங்குகிறது.

அதோடு முடிந்ததா? அடுத்து ரேகை வைக்கிற மெஷின். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தேன். சிவப்பு. மற்ற விரல்களையும் வைத்தேன். எல்லாம் சிவப்பு. ஆள் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கத்தி போகிற வழியில் தோலை இழுத்துப் பிடிப்பது இந்தக் கட்டைவிரல்தான். வருஷக்கணக்காகத் தண்ணீரிலும் டெட்டாலிலும் ஊறி, உரிந்து, ரேகையெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. எத்தனையோ தலைகளில் அதைத் தேய்த்துத் தொலைத்திருக்கிறேன்.

"காஞ்சிபோய்கீது. தலைல தேச்சிட்டு வைம்மா, எண்ணெ ஒட்டினா புடிக்கும்" என்று தமிழிலேயே சொன்னார். சொன்ன பிறகுதான் என் தலையைப் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் வெட்கத்தை விட்டுவிட்டு மொட்டையில் தேய்த்தேன். விரலில் சந்தனம் அப்பிக்கொண்டது. மெஷினில் வைத்தேன், கண்ணாடி முழுக்கச் சந்தனம்.

"ஐயோ, மெஷினுக்குப் பொட்டு வெச்சிட்டியேம்மா!" என்று அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "ஓரமா நில்லு. மத்தவங்க போவட்டும்" என்றார்.

ஓரமாக நின்றேன். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விரலை வைக்க, பச்சை, பச்சை, பச்சை. கேட்டைச் சாத்தப் போகிறோம் என்று மைக்கில் சொன்னார்கள். ரேகை விழாவிட்டாலும் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள் என்று அப்புறம் யாரோ சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒரு நாயும் சொல்லவில்லை. முடியைக் கொடுத்தேன், தூக்கத்தைக் கொடுத்தேன், பஸ்ஸில் இட்லியைக்கூடக் கொடுத்தேன், கடைசியில் செய்கிற வேலையே என் விரலைத் தின்றுவிட்டு என்னை வாசலில் நிறுத்திவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டுக்கு வெளியே கயிறு கட்டி நிறுத்தியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"யம்மா! மிஷின்ல வெரலு விழலம்மா! எண்ணெ வோணுமாம்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள். போலீஸ்காரர் குறுக்கே கம்பை நீட்டினார். "நான் உள்ள வரலய்யா, என் தல மட்டும்தான் வருது!" என்று சொல்லிக்கொண்டே கயிற்றுக்கு மேலே எக்கி, பின்னலோடு தலையை இந்தப் பக்கம் நீட்டினாள். நான் ஓடிப்போய் பத்து விரலையும் அவள் வகிட்டில் விட்டுத் தேய்த்தேன். காலையில் வைத்த தேங்காய் எண்ணெய் அப்படியே மணத்தது. "நல்லா தேய்டி, வேருல தேய்!" என்றாள் குனிந்தபடியே. போலீஸ்காரர் கம்பை இறக்கிவிட்டு வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி ஓடி விரலை வைத்தேன். மெஷின் யோசித்தது. சனியன், அதற்குக்கூட யோசனை! பச்சை.

உள்ளே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். பிசிக்ஸில் எல்லாம் தெரிந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சில கேள்விகளுக்கு விடை மட்டும் இல்லை, அதைச் சொன்ன அம்மா எந்த ஊர், அவள் பிடரியில் மச்சம் எங்கே என்பதுகூட நினைவுக்கு வந்தது.

ரிசல்ட் வந்தது. பாஸ். ஆனால் சீட் என்பது வேறு கதை. கவுன்சலிங் முதல் சுற்றில் இல்லை. இரண்டாவது சுற்றில் இல்லை. என் கூட வேலை பார்க்கிற பெண்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது கேட்பதைவிட மோசம். நாகபூஷணத்தின் பையனுக்கு வரவில்லை, அவர் மறுபடி கோச்சிங்கில் சேர்த்துவிட்டார். அம்மா மட்டும் தினமும் ஷிப்ட் முடிந்ததும் கோபுரம் தெரிகிற இடத்தில் போய் நின்றுகொண்டு சத்தமாகவே சண்டை போட்டாள். "அட்வான்ஸ் வாங்கிக்கினு இப்பிடித்தான் இழுத்தடிப்பியா? இது உனுக்கே நல்லா கீதா?" பக்கத்தில் நின்ற பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துபோனார்கள்.

கடைசிச் சுற்றில், யாரோ ஒரு புண்ணியவான் வேறு ஊருக்கு மாறிப்போக, சித்தூர்ப் பக்கத்து மெடிக்கல் காலேஜ் ஒன்றில் கன்வீனர் கோட்டா என்கிற அரசாங்க ஒதுக்கீட்டில் ஒரு இடம் காலியாகி எனக்கு வந்தது. அன்று அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பாதி மொட்டையில் இருந்த ஒரு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்த அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமலே கூட அழுதாள். லோகேஸ்வரனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். "அஞ்சரை வருசம். ஷீட் பெருசா போடணும்" என்றார். பின்னால் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது.

காலேஜில் எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். இதற்கு முன்னால் என்ன செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை. சொன்னால் ஹாஸ்டல் முழுக்க முடி வெட்டிவிடு என்று வந்து நிற்பார்கள், அவ்வளவுதான்.

அனாடமியில் கையில் ஆரம்பித்து, கால், நெஞ்சு, வயிறு என்று தலைக்கு வர எத்தனையோ மாதம் ஆயிற்று. எங்கள் மேசையில் இருந்தது ஒரு வயதான அம்மாவின் உடம்பு. தலையில் நரைத்த முடி அங்கங்கே இருந்தது. அதை வழிக்க வேண்டிய அட்டெண்டர் அன்றைக்கு வரவில்லை. யாராவது செய்கிறீர்களா என்று மேடம் கேட்டார். பிள்ளைகள் ஓரடி பின்னால் போனார்கள். நான் முன்னால் போனேன்.

தண்ணீரைத் தொட்டு நனைத்தேன். இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "தல கொஞ்சம் குனிங்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா குனியவில்லை. நானே தலையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டேன். வழித்து முடித்தபோது தலை பளபளவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. மேடம் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்கால்பெல்லை எடுத்து என் கையில் கொடுத்து, "நுவ்வே மொதலு பெட்டம்மா" என்றார். நீயே ஆரம்பி.

ஆயிரக்கணக்கான தலையில் கத்தி வைத்த எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கத்தி இறங்க மறுத்தது. ஒரு துளி ரத்தம் வரக்கூடாது, ஒரு கீறல் விழக்கூடாது என்பதுதான் இத்தனை வருஷமும் என் வேலை. அதற்காகத்தான் அம்மா என் மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது கீறு என்கிறார்கள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்று அந்த அம்மாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு, நெற்றிக்கு மேலே வைத்து அழுத்தினேன்.